ஆணி வரிசை பார்த்துக் கால் வையுங்கள்

பாழ்வீடுகளைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றி. மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனின் கடைவீடு ஒன்றுக்குள், அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீட்டுக்குள், நுழைவதாக இருந்தால் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது, மாடித்தளத்துப் பலகைக்கு அடியில் குறுக்குக்கட்டைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்பதை. பெரும்பாலான கடைவீடுகளில் அவை ஒரு பொதுச்சுவரிலிருந்து (பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர்) எதிரே உள்ள பொதுச்சுவருக்குப் போகும். அவற்றின் மேல் பலகைகள் தெருப்பக்கத்திலிருந்து பின்கட்டை நோக்கி நீளவாக்கில் கிடக்கும். பலகையைக் குனிந்து பாருங்கள், சீரான இடைவெளியில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்கு நேர் அடியில் கட்டை இருக்கிறது. இரண்டு வரிசைக்கு நடுவில் இருப்பது ஓர் அங்குலத் தடிமன் பலகை மட்டும்தான், அதையும் கரையான் எவ்வளவு விட்டுவைத்தது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

'சுவரோரமாக நடங்கள், அங்கேதான் தரை பலம்' என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். பினாங்கில் அதை அப்படியே நம்பக் கூடாது. இங்கே கூரை ஓடு ஒன்று நகர்ந்தால் மழைத்தண்ணீர் பொதுச்சுவர் வழியாக இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் முனைதான் முதலில் உளுத்துப்போகும். கட்டையின் நடுப்பாகம் இரும்பு போல இருக்கும், முனை ஈரக் கேக் போல ஆகியிருக்கும். முனை போனால் ஆணி வரிசை மேல் நின்றாலும் கட்டையோடு சேர்ந்து கீழே வருவீர்கள்.

அதனால் மாடிக்கு ஏறுவதற்கு முன் கீழ்த்தளத்தில் நின்று டார்ச்சை மேலே அடித்து, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். கருப்பாக ஊறிய கறை, வெள்ளை உப்புப் பூத்தல், கரையானின் மண்குழாய், சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் பெரணிச் செடி ஆகிய நான்கில் எது தெரிந்தாலும் அந்தக் கட்டையை நம்பக் கூடாது. மாடிப்படித் திறப்பை ஒட்டி இரண்டு மூன்று கட்டைகளாவது கைக்கு எட்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரை அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். செங்கால் என்னும் கடினமான மலேசிய மரம் நல்லதாக இருந்தால் நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. கைப்பிடி வரை சுலபமாகப் போகிறது என்றால் அன்றைக்கு மாடிப் படம் கிடையாது. கீழ்த்தளத்தை எடுத்துவிட்டு வாருங்கள். எட்டாத கட்டைகளை நீண்ட மூங்கிலால் தட்டிக் கேட்கலாம். கரையான் தின்ற மரம் காலி டின் போலப் பொத்தென்று ஒலிக்கும்.

படிக்கட்டில் படியின் நடுவில் மிதிக்காதீர்கள். இரு பக்கத் தாங்குபலகையை ஒட்டி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்கள். முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் சிமெண்டு பால்கனி எதிலும் நிற்காதீர்கள். அடியில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி காங்கிரீட்டை உடைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவரில் முளைத்த ஆலமரத்து வேரைப் படத்துக்கு இடைஞ்சல் என்று பிடுங்கவே கூடாது. அந்தச் சுவரைப் பிளந்ததும் அந்த வேர்தான், இப்போது விழாமல் கட்டிப் பிடித்திருப்பதும் அதுவேதான்.

இத்தனை வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் யாரிடம் அனுமதி கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000 ஜனவரி 1 முதல் வாடகை சந்தை விலைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்களும் தட்டான் கடைகளும் முடிதிருத்தும் கடைகளும் காலி செய்தன. 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற்ற பிறகு மனை விலை ஏறியது. கையில் பணம் இருந்தவர் ஹோட்டலாக மாற்றினார். பத்து வாரிசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வீடு பூட்டியே கிடக்கிறது. சீனக் கொங்சிகளுக்கு (குலச் சங்கங்களுக்கு) சொந்தமான வீடுகளும் வக்ஃபு நிலத்தில் நிற்கும் வீடுகளும் நிறைய உண்டு.

பூட்டியிருப்பதால் உரிமையாளர் இல்லை என்று ஆகாது. மலேசியத் தண்டனைச் சட்டம் 447ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். உரிமையாளரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி பக்கத்துக் கடைக்காரர்தான். அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில்) இருபது வருடமாகக் கடை போட்டிருப்பவருக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியும். அது பலிக்காவிட்டால் லாட் எண்ணை (மனையின் பதிவு எண்ணை) கண்டுபிடித்து நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்னும் தனியார் தேடலுக்கு மனுக் கொடுங்கள். கட்டணம் செலுத்தினால் பதிவான உரிமையாளர் பெயர் கிடைக்கும்.

அனுமதிக் கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, வரும் நேரம், போகும் நேரம், எத்தனை பேர், அவர்களின் அடையாள அட்டை எண்கள், எதையும் நகர்த்தவோ எடுக்கவோ மாட்டோம் என்ற உறுதி, விபத்து நேர்ந்தால் உரிமையாளர் பொறுப்பல்ல என்ற வரி, எடுத்த படங்களின் நகலைத் தருவோம் என்ற வாக்கு, இவ்வளவும் இருக்க வேண்டும். கடைசி வாக்குதான் பல கதவுகளைத் திறக்கிறது. வீட்டை விற்பதா, பழுதுபார்ப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கும் உரிமையாளருக்குக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று காட்டும் படம் மிகவும் பயன்படும்.

கிடைத்த இடத்துக்கெல்லாம் போக வேண்டும் என்பதும் இல்லை. கோலாலம்பூர் பக்கம் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பேய் வீடு என்று சொல்லி இளைஞர்கள் வேலி தாண்டிப் போகிறார்கள். 1993 டிசம்பர் 11 அன்று மலைச்சரிவு சரிந்து முதல் கட்டடம் விழுந்ததில் 48 பேர் இறந்த இடம் அது. சரிவும் ஆபத்து, காலியாக விடப்பட்ட கட்டடங்களும் ஆபத்து. அதையெல்லாம் தள்ளி வைத்தாலும் மற்றவர் துக்கத்தின் மேல் நின்றுகொண்டு செல்ஃபி எடுப்பது தவறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சீட்டு வாங்கியோ தடையில்லாமலோ போகக்கூடிய இடங்களில் கை பழகுங்கள். பினாங்கில் பத்து மாவுங் என்னும் ஊரில் பிரிட்டிஷார் கட்டிய கோட்டை இப்போது போர் அருங்காட்சியகமாக இருக்கிறது. இருட்டுச் சுரங்கத்தில் எக்ஸ்போஷர் பழக நல்ல இடம். கோலாலம்பூர்காரர்களுக்கு 'பத்து ஆராங்' என்னும் ஊர் உண்டு. 1960இல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் செங்கல் எச்சங்கள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன.

உடுப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் உலோகத் தகடு வைத்த பாதுகாப்புக் காலணி, தாடைப்பட்டி உள்ள தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, தலைவிளக்கோடு தனியாக இன்னொரு டார்ச். பூட்டிய கடைவீடுகளில் வௌவாலும் உழவாரக் குருவியும் குடியிருக்கும், காய்ந்த எச்சத் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசத்தை உள்ளே இருக்கும் வரை கழற்றாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் வெட்டுக்காயத்தோடு கால் வைத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரலாம். போய் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி கண்டால் டாக்டரிடம் எங்கே போனீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். டெங்கி என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று பேர் போங்கள்: ஒருவர் படமெடுக்க, ஒருவர் அவர் காலடியையும் தலைக்கு மேலேயும் கவனிக்க, ஒருவர் வெளியே நிற்க. வெளியே நிற்பவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் அவர் உள்ளே ஓடி வரக் கூடாது, அவசர எண் 999க்கு அழைக்க வேண்டும். உள்ளே பாயோ, சமீபத்தில் எரிந்த மெழுகுவர்த்தியோ, ஊசியோ கண்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். யாரோ ஒருவருக்கு அது வீடு.

இனி வெளிச்சம். கடைவீட்டின் அழகு முழுவதும் முற்றத்தில் இருக்கிறது. நீளமான இருட்டு வீட்டுக்கு நடுவில் வானம் திறந்த ஓர் இடம். பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும். நேரம் பன்னிரண்டு மணி அல்ல, பிற்பகல் 1.20 வாக்கில். தீபகற்பத்தின் கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையின்படி ஓடுகிறது, பினாங்கு இருப்பதோ 100 பாகையைச் சற்றே தாண்டி. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் எண்பது நிமிடம் பிந்துகிறது. 1982க்கு முன்னால் கடிகாரம் அரைமணி பின்னால் இருந்தபோது அதே உச்சி வெயில் 12.50க்கு விழுந்தது. கோலாலம்பூரில் இந்த நாள்கள் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் வரும், நேரம் 1.10க்கும் 1.20க்கும் இடையில்.

அந்த நாளில் முற்றத்துக் கருங்கல் தளத்தில் கட்டம் போட்டது போல வெயில் விழும், சுவர்களில் ஒரு பொட்டு நிழல் இருக்காது. பார்க்கப் பரவசமாக இருக்கும், படமெடுக்கக் கஷ்டம். வெயில் விழும் கல்லுக்கும் பின்கட்டு அடுப்படிக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசம் இருக்கும். வீட்டைப் பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், அல்லது மேகமூட்டமான நாளில் போங்கள். வெளிச்சம் மேலிருந்து ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்கு மெல்லப் பரவும். பீங்கான் துண்டு ஒட்டிய பூவேலையின் மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும். ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் மழை குறைந்த மாதங்கள், தளம் காய்ந்திருக்கும். ஆனால் கூரை எங்கே ஒழுகுகிறது என்று காட்ட வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபர் மழைக்கு மறுநாள் போக வேண்டும்.

கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, ரா கோப்பு, வெண்சமநிலையை 5000 கெல்வினில் நிலைநிறுத்திவிடுங்கள். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் எடுத்தால் முற்றத்து வானமும் அடுப்படி இருட்டும் இரண்டும் கிடைக்கும். இருட்டுப் படத்துக்கு எட்டு விநாடி வரை போகும். இங்கேதான் பலருக்கும் கெட்டுப்போகிறது. மரத்தளத்தில் முக்காலி நிற்கும்போது நாலடி தள்ளி ஒருவர் கால் மாற்றினாலும் பலகை அசைந்து படம் கலங்கும். சின்னத் திரையில் பார்த்தால் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால்தான் தெரியும். முக்காலியின் மூன்று காலும் ஆணி வரிசைகள் மேல் நிற்கட்டும், எல்லோரும் உறைந்து நில்லுங்கள், இரண்டு விநாடி டைமர் போடுங்கள், ஒவ்வொரு தொடரையும் இருமுறை எடுங்கள்.

லென்ஸ் முழுச்சட்டகக் கேமராவில் 24 மில்லிமீட்டர் போதும். 16க்குப் போனால் பதினெட்டடி அகல வீடு அரண்மனை போல் விரியும், பிறகு அந்தப் படத்தை வைத்து யாரும் அளவு சொல்ல முடியாது. கேமராவை மட்டம் பார்த்து வைத்தால் தூண்கள் சாயாது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை பூசிய ஒரு மீட்டர் கோலை ஒவ்வோர் அறையிலும் ஒரு படத்திலாவது சுவரோடு சாய்த்து வையுங்கள். ஃப்ளாஷை நேராக அடித்தால் சுவரின் மேடுபள்ளம் செத்துவிடும். இருட்டு மூலைக்கு டார்ச்சை எதிர்ச்சுவரில் அடித்துத் திருப்பி விடுங்கள்.

ஏசி போட்ட காரிலிருந்து நேரே இறங்கிக் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். காற்று 31 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. 22 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடி அந்தக் கணமே வேர்த்துவிடும். கேமராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, வந்து சேர்வதற்கு அரைமணி முன்பே பின்பெட்டியில் வைத்துவிடுங்கள். உள்ளே லென்ஸை மாற்றவே கூடாது. நூறு வருடச் சுண்ணாம்புத் தூசு சென்சாரில் உட்கார்ந்தால் ஊதினால் போகாது. வீட்டில் உலர்பெட்டி ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் இருக்கட்டும், இல்லையென்றால் பூஞ்சை லென்ஸுக்குள் கோலம் போட்டுவிடும்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பக்கம் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகையைத் தேடிக்கொண்டு எல்லோரும் போகிறார்கள். துரை பங்களாவுக்குக் கிடைக்கும் படங்களில் பத்தில் ஒரு பங்கு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கிடைப்பதில்லை. பங்களா கல்லும் தேக்கும், இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். லயத்து வீடு பலகையும் தகரமும், தோட்டம் கைமாறினால் ஒரே நாளில் எந்திரம் தள்ளிவிடும். பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை), பீலி (பொதுக் குழாயடி), ஸ்டோர், கோயில் இவற்றின் இடம் எங்கெங்கே என்று காட்டும் படம் எந்த நூலகத்திலும் கிடைக்காது. எடுக்க வேண்டியது இதைத்தான்.

லயத்தை ஓரத்திலிருந்து ஒரே படமாக எடுத்தால் கடைசி வீடுகள் தீப்பெட்டியாகிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸோடு லயத்துக்கு இணையாக நேர்கோட்டில் நடந்து, மூன்று மீட்டருக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட வேண்டும். பிறகு கணினியில் ஒட்டலாம். கதவு எண், அடுப்பு இருந்த மூலை, சாமி படம் மாட்டிய ஆணி, பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடு போட்ட நிலைக்கால் எல்லாவற்றையும் கிட்டப்போய் எடுங்கள். முடிந்தால் அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அண்ணனையோ பாட்டியையோ கூட்டிப்போங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார் என்று அவர் சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லயத்தில் பயப்பட வேண்டியவை வேறு. அலையலையான சாம்பல் நிறக் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், உடைந்த துண்டை மிதிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். புல் மூடிய கிணறும் மலக்குழியும் பின்பக்கம் இருக்கும், கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள். இறவாணத்தில் கடந்தைக் கூடு கண்டால் டார்ச்சை அதன்மேல் அடிக்காமல் வந்த வழியே திரும்புங்கள். பழைய மருந்து ஸ்டோரில் போத்தலையோ பீப்பாயையோ தொடவே வேண்டாம். களைக்கொல்லியாக ஆர்சனிக் உப்பு தெளித்த காலம் ஒன்று இருந்தது. ரப்பர் தகடு புகைபோட்ட கூடத்துக்குள் சுவரெல்லாம் கீல் பூசியது போல் கறுத்திருக்கும். கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

கைவிட்ட கப்பல்களைப் படமெடுக்கப் போகிறவர்களும் உண்டு, அதற்கு வருவோம். ஆற்று முகத்துவாரச் சேற்றில் சாய்ந்து கிடக்கும் இரும்புக் கப்பலுக்கும் கடைவீட்டுத் தளத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: மேல்தளத் தகட்டுக்கு அடியில் விறைப்புச் சட்டங்கள் ஓடும், வெல்டிங் கோடோ துருக்கோடோ அதைக் காட்டிக்கொடுக்கும், நடுவில் இருக்கும் தகடு காகிதமாகியிருக்கும். ஆனால் கப்பலில் அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மூடிக்கிடந்த அறையில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்கிறது. வெளிக்காற்றில் 20.9 விழுக்காடு, 19.5க்குக் கீழே போனால் அபாயம், பத்துக்குக் கீழே போன அறைக்குள் இறங்குபவர் மூச்சுத் திணறுவதைக்கூட உணராமல் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவர் இரண்டாவது பிணம். அழுகிய சேறும் தண்ணீரும் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடுவதால் நாற்றம் போய்விட்டது என்று ஏமாறுவோம். வாயுமானியும் பயிற்சியும் இல்லாதவர்கள் தளத்துக்குக் கீழே ஒரு படிகூட இறங்கக் கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

படகிலிருந்து எடுத்தாலே கப்பல் அருமையாக வரும். உரிமையாளரிடமும் கடல்துறையிடமும் கேட்டுக்கொண்டு, வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்பாகப் போய்ச் சேருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் பினாங்குக் கடல் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், வற்றும்போது தெரியும் அடிப்பாகமும் சுக்கானும் மற்ற நேரத்தில் கிடைக்காது. ஆனால் சேற்றில் படகு தட்டி நின்றால் தண்ணீர் மறுபடி ஏறும் வரை அங்கேயேதான் இருக்க வேண்டும், அலையறிந்த மீனவரையே ஓட்டச் சொல்லுங்கள். படகு ஆடும்போது முக்காலி பயன்படாது, 70–200 லென்ஸ், 1/500 விநாடிக்குக் குறையாத வேகம், பளபளக்கும் சேற்றை அடக்கப் போலரைசர்.

படங்களை வலையேற்றும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். கோப்பிலிருக்கும் ஜிபிஎஸ் தகவலை அழித்துவிடுங்கள், தெருப்பலகையோ எதிர்க்கடைப் பெயரோ தெரியும் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். செதுக்கிய கதவு, பூத்தரை ஓடு, வார்ப்பிரும்புக் கிராதி இவற்றுக்கெல்லாம் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. 'இந்த வீட்டில் இது இருக்கிறது, கதவு இப்படித் திறக்கும்' என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

வெளியில் சொல்லாததை உங்கள் கோப்பில் முழுவதும் எழுதி வையுங்கள்: தேதி, லாட் எண், தளம், அறை, கேமரா பார்த்த திசை. கையால் வரைந்த தளப்படம் ஒன்றில் ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுத்தது என்று எண் போடுங்கள். கோலாலம்பூர் புடு சிறை 1895இல் கட்டி முடித்தது, 1996இல் மூடியது, 2010இல் சுவரை இடிக்கத் தொடங்கி நுழைவாயிலை மட்டும் விட்டார்கள். அதற்குள் எடுத்த படங்களில் எது எந்தக் கொட்டடி என்று குறித்து வைத்தவருடைய படம்தான் இன்றைக்கு ஆராய்கிறவருக்கு உதவும். ஒரு நகல் உங்களிடம், ஒன்று வேறொரு வீட்டில், ஒன்று உரிமையாளரிடம். லயத்துப் படமென்றால் கூட வந்த பாட்டிக்கு அவர் வீட்டு நிலைக்காலைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் வீட்டு எண்ணையும் பெயர்களையும் எழுதுங்கள், பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.